யாழ்ப்பாணத்து வீட்டில் வன்முருகை: புதுத் தொட்டியின் முதல் ஆண்டுக்கு முழு வழிகாட்டி

நெடுந்தீவில் வேலிக்கு அடுக்கியிருக்கும் கல் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தால் மேலெல்லாம் நட்சத்திரம் நட்சத்திரமாகக் குழிகள் தெரியும். ஒவ்வொரு குழியும் ஒரு காலத்தில் வன்முருகை என்ற கல் கட்டும் பவள உயிரி குடியிருந்த வீடு. அது கடல்நீரிலிருந்து கல்சியத்தையும் காபனேற்றையும் இழுத்துத் தனக்குக் கீழே கல்லாக வைத்து வைத்து மேலே ஏறியிருக்கிறது. கண்ணாடித் தொட்டியில் வன்முருகை வளர்ப்பவருக்கு உள்ள வேலை, அந்தக் கல் கட்டும் வேலை ஒருநாளும் நிற்காமல் பார்த்துக்கொள்வதுதான்.

ஓராண்டு நிறையாத தொட்டியில் முருகை செத்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது ஏற்ற இறக்கத்தை. தண்ணீரின் காரத்தன்மை (கல் கட்ட உதவும் காபனேற்று வகைகளின் அளவு, டி.கே.எச். என்ற அலகில்; pH அல்ல) 7.5 இல் நின்றாலும் முருகை வளரும், 9 இல் நின்றாலும் வளரும். திங்கட்கிழமை 7.5, வியாழக்கிழமை 9.5 என்று ஆடினால் தோல் உரியும். சூடும் உப்பும் இப்படித்தான். இந்த வழிகாட்டியில் வரும் கருவிகளும் கணக்குகளும் அந்த ஆட்டத்தை அடக்குவதற்கானவை.

கணக்குக்காக ஒரு தொட்டியை எடுத்துக்கொள்வோம்: 3 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். வெறுந்தொட்டி சுமார் 180 லீற்றர் பிடிக்கும். கல்லும் மணலும் இடத்தைப் பிடித்துக்கொள்ளும், கீழே உள்ள சம்ப் என்ற துணைத் தொட்டி கொஞ்சம் கூட்டும். கடைசியில் கையில் இருப்பது ஏறத்தாழ 150 லீற்றர் தண்ணீர். மருந்துக் கணக்கெல்லாம் இந்த 150 க்குத்தான். உங்கள் தொட்டியின் உண்மையான அளவைத் தெரிந்துகொள்ள ஒரே நம்பகமான வழி, முதல் முறை நிரப்பும்போது வாளி வாளியாக எண்ணி எழுதி வைப்பது.

முதலில் ஒரு விடயம்: கடலில் கை வைக்காதீர்கள்

மண்டைதீவு, புங்குடுதீவு, காரைநகர்ப் பக்கம் முழங்கால் தண்ணீரிலேயே உயிர்முருகை இருக்கிறது. உடைத்து வாளியில் போட்டுக்கொண்டு வர ஆசை வரும். வன்முருகைகள் இலங்கையில் வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ்ப் பாதுகாக்கப்பட்டவை. முருகைக்கல் அகழ்வதைக் கரையோரப் பாதுகாப்புச் சட்டமும் தடுக்கிறது. வன்முருகை இனங்கள் முழுவதும், அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பின்னிணைப்பில் இருப்பதால், வெளிநாட்டிலிருந்து வரும் துண்டுக்கும் அனுமதிப்பத்திரம் வேண்டும். வளர்ப்புத் துண்டுகளை ஆவணத்தோடு விற்பவரிடமோ, தொட்டியில் வளர்ந்ததை வெட்டித் தரும் இன்னொரு வளர்ப்பாளரிடமோதான் வாங்க வேண்டும். சட்டத்தை விட்டுப் பார்த்தாலும் வளர்ப்புத் துண்டுதான் இலாபம். அது செயற்கை வெளிச்சத்துக்கும் தொட்டித் தண்ணீருக்கும் ஏற்கனவே பழகியது.

தண்ணீர்

நமது குடாநாடே சுண்ணக்கல். கிணற்றுத் தண்ணீர் அந்தக் கல்லைக் கரைத்துக்கொண்டுதான் வருகிறது. கேத்தலின் அடியில் படியும் வெள்ளைப் படையைப் பார்த்தாலே தெரியும். வலிகாமத்துச் செம்மண் தோட்டப் பகுதிகளில் அதற்கு மேல் பசளையிலிருந்து இறங்கிய நைத்திரேற்றும் இருக்கும். கரையோரக் கிணறென்றால் உவரும் சேரும். “கல்சியம் தானே, முருகைக்கு நல்லதுதானே” என்று இதை நேரே ஊற்றுபவர்கள் இருக்கிறார்கள். மூன்று மாதத்தில் தொட்டி முழுக்கப் பச்சைப் பாசி தொங்கும்.

ஆர்.ஓ. (எதிர்ச் சவ்வூடுபரவல்) மென்தகடும் அதன் பின்னால் டி.ஐ. (அயன் நீக்கும்) பிசினும் கொண்ட வடிகட்டி கட்டாயம். கரைந்த பொருட்களின் அளவைக் காட்டும் ரி.டி.எஸ். மீற்றரில் கடைசித் தண்ணீர் 0 காட்ட வேண்டும். மென்தகடு 95 முதல் 98 சதவீதம் வரை பிடிக்கும். கிணற்றில் 800 இருந்தால் அதைத் தாண்டி 16 முதல் 40 வரை வரும். மிச்சத்தைப் பிசின் பிடிக்கிறது. உள்வரும் தண்ணீர் கடினமாக இருக்க இருக்கப் பிசின் சீக்கிரம் தீரும், யாழ்ப்பாணத்தில் இதுதான் பெரிய செலவு. நிறம் மாறும் பிசின் வாங்குங்கள், தீர்ந்தது கண்ணுக்குத் தெரியும். மென்தகட்டுக்குப் பின்னும் பிசினுக்குப் பின்னும் தனித்தனியாக அளந்து பாருங்கள். முதல் எண் மெல்ல மெல்ல ஏறினால் மென்தகட்டில் சுண்ணாம்பு படிகிறது என்று அர்த்தம்.

செலவைக் குறைக்க ஒரு வழி மாரி மழை. முதல் இரண்டு மழையைக் கூரை கழுவ விட்டுவிட்டு, ஓட்டுக் கூரையில் விழும் நீரைப் பிளாஸ்ரிக் தாங்கியில் சேர்த்து, அதை வடிகட்டிக்குள் விடுங்கள். பிசின் பல மடங்கு காலம் நிற்கும். தகரக் கூரை வேண்டாம், நாகம் கரையும். மழை நீரை வடிகட்டாமல் நேரே தொட்டிக்குள் விடவும் வேண்டாம். வடிகட்டி வெளியே தள்ளும் கழிவு நீர் ஒரு லீற்றருக்கு மூன்று நான்கு லீற்றர் வரை போகும். அதைத் தென்னைக்கு விட்டால் தென்னை கோபிக்காது.

குடிக்கும் தண்ணீர் என்று கானில் விற்பதை வாங்கினால் மீற்றரைக் கையோடு கொண்டுபோங்கள். குடிக்க நல்லதாக இருக்கும் தண்ணீரில் ரி.டி.எஸ். 30, 40 இருப்பது சாதாரணம், சுவைக்காகக் கனிமம் கலந்தும் விற்பார்கள். தொட்டிக்கு அது ஆகாது.

உப்பு

ஆனையிறவு உப்பு பக்கத்தில்தான் விளைகிறது, ஆனால் அது கிட்டத்தட்டத் தனிச் சோடியம் குளோரைட்டு. உப்பளத்தில் உப்பு படியும்போது மக்னீசியம் கழிவு நீரோடு போய்விடுகிறது. கல்சியம் அதற்கு முன்னரே ஜிப்சமாக இறங்கிவிடுகிறது. அதைக் கரைத்தால் உப்புக் கரிக்கும், கடல்நீராகாது. முருகைத் தொட்டிக்கென்று விற்கும் கலவை உப்பே வேண்டும். ஆனையிறவு உப்புக்கு இங்கே இன்னொரு பயன் இருக்கிறது, கீழே வரும்.

கலவை உப்பு ஒரு லீற்றருக்கு 36 முதல் 38 கிராம் வரை பிடிக்கும். வாரத்துக்கு 15 லீற்றர் மாற்றுவதென்றால் சுமார் 550 கிராம். தண்ணீரை முதலில் எடுத்து, சிறு பம்ப் ஓட விட்டு, உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவுங்கள். உப்பைக் கொட்டிவிட்டு மேலே தண்ணீர் ஊற்றினால் அடியில் கல்சியமும் காபனேற்றும் ஒன்றாகப் பிடித்து வெள்ளையாக இறங்கும். அது திரும்பக் கரையாது. தெளிந்து, சூடு தொட்டியின் சூட்டுக்கு வந்த பிறகு பாவியுங்கள்.

இலக்கு ஆயிரத்துக்கு 35. உப்பளவைக் காட்டும் ஒளிமுறிவுமானியை வெறுந்தண்ணீரில் பூச்சியத்துக்குத் திருகிவிட்டு நம்பாதீர்கள்; 35 பக்கத்தில் பிழையாக இருக்கலாம். 963.5 கிராம் வடிகட்டிய தண்ணீரில் நன்றாக உலர்த்திய உப்பு 36.5 கிராம் கரைத்தால், அந்தக் கரைசல் 35 அளவுள்ள கடல்நீரைப் போலவே ஒளியை முறிக்கும். மானியை அதில் 35 க்குத் திருகி வையுங்கள். ஆனையிறவு உப்பு இங்கே கைகொடுக்கும்.

சூடு, காற்று, ஆவியாகும் தண்ணீர்

மற்ற நாட்டு வழிகாட்டிகள் ஹீற்றர் வாங்கச் சொல்லும். இங்கே பிரச்சினை மறுபக்கம். சித்திரை வைகாசியில் மூடிய அறைக்குள் தொட்டி 31, 32 பாகைக்குப் போகும். 30 ஐத் தாண்டிச் சில நாள் நின்றால் முருகைத் தசைக்குள் வாழும் ஒருசெல் பாசி வெளியேறும், முருகை வெளிறும்.

25 பாகையை விரட்டிக்கொண்டு திரிய வேண்டாம். 27 இல் வைத்து, பகலுக்கும் இரவுக்கும் ஒரு பாகைக்கு மேல் வித்தியாசம் வராமல் பார்ப்பது யாழ்ப்பாணத்துக்கு நடைமுறைக்கு உகந்தது, மின் கட்டணத்துக்கும் உகந்தது. தொட்டியை மேற்குச் சுவரை ஒட்டியோ தகரக் கூரைக்குக் கீழோ வைக்காதீர்கள். மேல்மூடிக்குப் பதில் வலை போட்டு, தண்ணீர் மட்டத்தைத் தடவும் மாதிரி இரண்டு சிறு விசிறிகளை வெப்பக் கட்டுப்பாட்டியில் பூட்டினால் இரண்டு மூன்று பாகை இறங்கும். காற்று உலர்ந்திருக்கும் நாளில் நன்றாக வேலை செய்யும். மாரி ஈரத்தில் மந்தமாகும், ஆனால் அப்போது வெயிலும் இல்லை. விசிறி போதாத வீட்டுக்குத்தான் தண்ணீரைக் குளிரூட்டும் சில்லர். அதன் சூடான காற்று அதே அறைக்குள் சுற்றினால் அது தன்னோடு தானே சண்டை பிடிக்கும், யன்னல் பக்கம் திருப்பி வையுங்கள்.

விசிறிக்கு ஒரு விலை உண்டு. இப்படிப்பட்ட தொட்டியில் நாளொன்றுக்கு 3 லீற்றர் வரை ஆவியாகலாம். தண்ணீர் போகும், உப்புப் போகாது. 3 லீற்றர் குறைந்தால் 35 இருந்த உப்பு 35.7 ஆகும், மூன்று நாள் ஊருக்குப் போனால் 37. தானாக நிரப்பும் மிதவைக் கருவி, விசிறியோடு சேர்த்தே வாங்க வேண்டிய பொருள். நிரப்புவது எப்போதும் உப்பில்லாத வடிகட்டிய தண்ணீர். அந்தத் தாங்கியில் 10, 15 லீற்றருக்கு மேல் வைக்காதீர்கள். நத்தை ஒன்று மிதவையில் ஏறியிருந்து பம்ப் நிற்காமல் ஓடினாலும் சேதம் அந்த அளவோடு நிற்கும்.

கல்லும் காத்திருப்பும்

காய்ந்த கல் 12 முதல் 15 கிலோ போதும். பழைய வேலிக்கல்லோ, கரையில் பொறுக்கிய கல்லோ வேண்டாம். சட்டம் ஒருபக்கம், ஆண்டுக்கணக்காகப் பிடித்துவைத்த பொசுபேற்றை மாதக்கணக்காகக் கக்கும் என்பது மறுபக்கம். கழிவிலிருந்து வரும் அமோனியாவைச் சிதைக்கும் பக்ரீரியா கல்லில் குடியேற, அமோனியாவை 2 பி.பி.எம். (பத்து இலட்சத்தில் 2 பங்கு) க்கு ஏற்றி, போத்தல் பக்ரீரியா சேர்த்து, அமோனியாவும் நைத்திரைற்றும் 24 மணித்தியாலத்தில் பூச்சியத்துக்கு இறங்கும்வரை விடுங்கள். நான்கு முதல் ஆறு வாரம் எடுக்கும்.

அதன் பிறகு வருவது அசிங்கமான காலம். முதலில் மண்நிறப் படை, பிறகு பச்சை மயிர்ப் பாசி, சில தொட்டிகளில் சிவப்புச் சளி. கை துறுதுறுக்கும், ஏதாவது போத்தலை ஊற்றத் தோன்றும். பத்து நத்தைகளை விடுங்கள், பாசியைக் கையால் பிடுங்குங்கள், பொறுங்கள். கண்ணாடியிலும் பம்பிலும் ஊதா நிறச் சுண்ணப் பாசிப் புள்ளிகள் தோன்றத் தொடங்கினால் தண்ணீர் வன்முருகைக்குத் தயார் என்று பெரும்பாலும் நம்பலாம்.

நான்காம் மாதமளவில் பெரிய வாய் கொண்ட எல்.பி.எஸ். வகை: டங்கன், ஃபேவியா, பிறகு யூஃபிலியா. ஆறாம் மாதத்துக்குப் பிறகு சிறு வாய் கொண்ட எஸ்.பி.எஸ். வகையில் தாங்கக்கூடியவை: மொன்ரிபோரா, ஸ்ரைலோபோரா. மொன்ரிபோரா இரண்டு மாதம் ஓரங்களில் வெள்ளை வளர்விளிம்பு காட்டிக்கொண்டிருந்தால் அக்ரபோரா ஒன்றைப் போட்டுப் பார்க்கலாம். பத்தாம் மாதத்துக்கு முன் அக்ரபோரா வாங்குவது காசைக் கடலில் போடுவது.

வெளிச்சமும் நீரோட்டமும்

எல்.பி.எஸ்ஸுக்கு பார் அளவு (ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படும் வெளிச்சத்தின் அளவு) 75 முதல் 150, மொன்ரிபோராவுக்கு 150 முதல் 250, அக்ரபோராவுக்கு 250 முதல் 350. பார் மீற்றர் எல்லோரிடமும் இருக்காது. இல்லையென்றால் புதுத் துண்டை மணலில் வைத்து, எல்.இ.டி. விளக்கைப் பாதி வலுவில் தொடங்கி, வாரத்துக்கு 5 சதவீதம் ஏற்றி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை துண்டை ஒரு படி மேலே நகர்த்துங்கள். நாளுக்கு 8 முதல் 10 மணித்தியாலம். வெளிச்சம் கூடிச் செத்த முருகைகள் குறைந்து செத்தவற்றைவிட எவ்வளவோ அதிகம்.

நீரோட்டத்துக்கு, எல்.பி.எஸ். தொட்டியில் மணிக்குத் தொட்டிக் கொள்ளளவின் 10 முதல் 20 மடங்கு, எஸ்.பி.எஸ்ஸுக்கு 30 முதல் 50 மடங்கு. ஒரே திசையில் பீய்ச்சாமல் இரண்டு பம்பை எதிரெதிரே வைத்து மாறி மாறி ஓட்டுங்கள். யூஃபிலியாவின் கைகள் வயலில் நெற்கதிர் ஆடுவது போல ஆடினால் சரி. ஒரு பக்கம் சாய்ந்தபடி நின்றால் அந்தப் பக்கத் தசை எலும்பில் உரசிக் கிழியும்.

காரத்தன்மை: நாளாந்தக் கணக்கு

கொப்பி எடுத்து எழுத வேண்டிய இடம் இது.

இலக்குகள்: காரத்தன்மை 8 டி.கே.எச்., கல்சியம் 400 முதல் 440, மக்னீசியம் 1280 முதல் 1350. முருகை கல் கட்டும்போது காரத்தன்மை 2.8 டி.கே.எச். குறைந்தால் கல்சியம் 20 பி.பி.எம். குறையும், இந்த விகிதம் மாறாது. அதாவது காரத்தன்மை பாதிக்கு மேல் இறங்கும் நேரத்தில் கல்சியம் 420 இலிருந்து 390 க்குத்தான் வந்திருக்கும். அதனால்தான் நாளாந்தம் காரத்தன்மையைப் பார்க்கச் சொல்கிறோம். கல்சியத்தை வாரம் ஒருமுறையும் மக்னீசியத்தை மாதம் ஒருமுறையும் பார்த்தால் போதும்.

முதல் வேலை, தொட்டி எவ்வளவு குடிக்கிறது என்று கண்டுபிடிப்பது. ஒன்றும் ஊற்றாமல், தண்ணீரும் மாற்றாமல், மூன்று நாள் ஒரே நேரத்தில் அளந்து பாருங்கள். பரிசோதனைப் பெட்டியின் ஊசிக்குழலில் காற்றுக் குமிழி இல்லாமல் இழுங்கள். துளி விழ விழக் குப்பியைச் சுழற்றுங்கள். நிறம் ஒரு கணம் மாறித் திரும்பினால் அது முடிவு அல்ல, மாறிய நிறம் நிற்கும் துளிதான் முடிவு. வெள்ளைத் தாளுக்கு முன் பிடித்துப் பாருங்கள். எங்கள் வெக்கையில் பரிசோதனைத் திரவம் சீக்கிரம் கெடும், இருட்டான குளிர்ந்த இடத்தில் வையுங்கள்.

திங்கள் 8.4, வியாழன் 7.8 என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். மூன்று நாளில் 0.6, நாளுக்கு 0.2. ஒரு லீற்றரை ஒரு டி.கே.எச். ஏற்ற 30 மில்லிகிராம் சோடியம் இருகாபனேற்று வேண்டும். 0.2 ஐ 150 ஆலும் 30 ஆலும் பெருக்கினால் 900 மில்லிகிராம், நாளுக்கு 0.9 கிராம். சோடியம் இருகாபனேற்று என்றால் வேறொன்றுமில்லை, அப்பச்சோடாதான். தூய்மையானதாக, வேறு எதுவும் கலக்காததாக இருக்க வேண்டும். பேக்கிங் பவுடர் வேறு, அதைத் தொடவே கூடாது.

தினமும் 0.9 கிராம் நிறுப்பது சமையலறைத் தராசுக்கு முடியாத காரியம். ஆகவே 60 கிராம் அப்பச்சோடாவை வடிகட்டிய தண்ணீரில் கரைத்து ஒரு லீற்றராக்கி வையுங்கள். 15 மில்லிலீற்றரில் 0.9 கிராம் இருக்கும். இன்னொரு போத்தலில் கல்சியம் குளோரைட்டு இருநீரேற்று 52.5 கிராம் ஒரு லீற்றராக. இரண்டிலும் ஒரே அளவு, அதாவது 15 மில்லிலீற்றர் ஊற்றினால் காரத்தன்மையும் கல்சியமும் சரியான விகிதத்தில் ஏறும். போத்தல்களில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். ஒன்றைக் காலையிலும் மற்றதை மாலையிலும், நீரோட்டம் வலுவாக உள்ள இடத்தில் மெல்ல விடுங்கள். இரண்டையும் ஒன்றாக விட்டால் தண்ணீர் பால் போலாகும்: நீங்கள் ஊற்றியதெல்லாம் சுண்ணாம்பாக இறங்கிவிட்டது என்று பொருள்.

ஒருநாள் மறந்துவிட்டால் மறுநாள் இரட்டிப்பாக ஊற்றாதீர்கள். 24 மணித்தியாலத்தில் 0.5 டி.கே.எச். க்கு மேல் ஏற்றுவதில்லை என்று ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். 6.5 க்கு இறங்கிப் போயிருந்தாலும் மூன்று நான்கு நாள் எடுத்தே 8 க்குக் கொண்டுவாருங்கள். முருகைகள் வளர வளர இந்த 0.2 என்பது 0.4 ஆகும், 0.8 ஆகும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கணக்கைப் புதுப்பிக்காதவரின் தொட்டியில் எட்டாம் ஒன்பதாம் மாதத்தில் “திடீரென்று” அழிவு வருவதற்குக் காரணம் இதுதான்.

இன்னொரு வழி சுண்ணாம்புத் தண்ணீர். கல்சியம் ஐதரொட்சைட்டு, கல்சியத்தையும் காரத்தன்மையையும் ஒரே பொருளில் சரியான விகிதத்தில் தரும், pH ஐயும் கொஞ்சம் தூக்கும். ஆவியாகும் தண்ணீருக்குப் பதிலாக இதை நிரப்பலாம் என்பதால் விசிறி ஓடும் யாழ்ப்பாணத்துத் தொட்டிக்கு நன்றாகப் பொருந்தும். ஆனால் வெளி வழிகாட்டிகள் சொல்வதுபோலத் தெவிட்டிய கரைசலை ஊற்றினால் இளம் தொட்டி தாங்காது: அப்படிப்பட்ட ஒரு லீற்றர் இந்தத் தொட்டியை 0.76 டி.கே.எச். ஏற்றும், 3 லீற்றர் ஆவியானால் ஒரே நாளில் 2.3. மேலே சொன்ன 0.2 க்கு, நாளாந்தம் நிரப்பும் 3 லீற்றரில் 0.4 கிராம் தூள் மட்டும் போதும். தாங்கியை இறுக்கி மூடுங்கள். காற்றிலுள்ள காபனீரொட்சைட்டுப் பட்டால் மேலே ஆடை கட்டும், வலு இறங்கும். வெற்றிலைச் சுண்ணாம்பும் சுவருக்கு அடிக்கும் சுண்ணாம்பும் தூய்மை தெரியாதவை, உணவுத் தரத் தூளே வேண்டும். கையுறை போட்டுக் கலக்குங்கள், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.

வாரம் 10 சதவீதம் தண்ணீர் மாற்றும்போது புது உப்பின் காரத்தன்மையையும் அளந்து பாருங்கள். சில கலவைகள் 11, 12 வரை வரும். 15 லீற்றர் மாற்றினால் ஏற்றம் 0.4 க்குள் நிற்கும். அவசரத்தில் 50 லீற்றர் மாற்றினால் ஒரு டி.கே.எச். க்கு மேல் குதிக்கும்.

பூச்சியம் நல்லதல்ல

நைத்திரேற்று 5 பி.பி.எம். பக்கம், பொசுபேற்று 0.03 முதல் 0.10 வரை. பாசிக்குப் பயந்து பொசுபேற்று உறிஞ்சியையும், கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் பெரிய ஸ்கிம்மரையும் ஒன்றாகப் போட்டு இரண்டையும் பூச்சியமாக்குவது புதுத் தொட்டிகளில் அடிக்கடி நடக்கும். முருகைக்கும் அது பட்டினி. அதைவிட மோசம், போட்டிக்கு ஆளில்லாத இடத்தில் டைனோஃபிளாஜெலேற்று என்ற ஒருசெல் உயிரி வந்து குடியேறும்: மண்நிறத்தில் மூக்குச் சளி போல இழை, நுனியில் காற்றுக் குமிழி, இரவில் மெலிந்து பகலில் திரும்பி வரும், நத்தைகள் செத்து விழும். அப்படிக் கண்டால் உறிஞ்சியை எடுத்துவிட்டு மீனுக்குச் சாப்பாட்டைக் கூட்டுங்கள், பெரிய தண்ணீர் மாற்றத்தை நிறுத்துங்கள்.

புதுத் துண்டு வந்தால்

கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் வருவதென்றால் ஒரு பைக்கு ஒரு துண்டு, பையில் பெரும்பகுதி தண்ணீர், ரெஜிபோம் பெட்டி. வந்ததும் 15 நிமிடம் மிதக்க விட்டுச் சூட்டைச் சமப்படுத்துங்கள், பிறகு அரை மணித்தியாலம் சொட்டுச் சொட்டாகத் தொட்டித் தண்ணீர். அதற்கு மேல் இழுத்தால் பைத் தண்ணீரில் சேர்ந்த அமோனியா நச்சாகும்.

அடுத்தது டிப், அதாவது பூச்சி புழுவைக் கொல்லும் மருந்துக் கரைசலில் துண்டை முக்கி எடுப்பது. மருந்தின் குறிப்பில் உள்ள அளவு, அதே நேரம். சிரிஞ்சால் எல்லாப் பக்கமும் பீய்ச்சி, வாளியின் அடியில் என்ன விழுகிறது என்று டோர்ச் அடித்துப் பாருங்கள். அக்ரபோராவில் வட்ட வட்டமாக வெளிறிய கடித் தடம் இருந்தால் தட்டைப்புழு. மொன்ரிபோராவின் ஓரத்தில் வெள்ளைத் தூசி போல அசைந்தால் அதைத் தின்னும் ஓடில்லா நத்தை. டிப் முட்டையைக் கொல்லாது. ஆகவே துண்டு ஒட்டியிருக்கும் அடிக்கட்டையை வெட்டி எறிந்துவிட்டு, புதுக் கட்டையில் சுப்பர்குளூ ஜெல்லால் ஒட்டுங்கள். தனித் தொட்டியில் 4 முதல் 6 வாரம் வைத்து வாரம் ஒரு டிப் கொடுத்தால் பொரித்து வருவதும் அடிபடும்.

மின்வெட்டும் நுளம்புப் புகையும்

2022 இல் மணிக்கணக்கில் மின்வெட்டு இருந்தபோது பல தொட்டிகள் போனது மூச்சு முட்டித்தான். சூடான தண்ணீரில் ஒட்சிசன் குறைவு, ஓட்டம் நின்றால் இரண்டு மூன்று மணித்தியாலத்தில் மீன் மேலே வரும். மின் போனதும் தானாக ஓடும் பற்றறி எயார் பம்ப் ஒன்று, முடிந்தால் 12 வோல்ற் பற்றறியில் ஓடும் ஒரு வேவ்மேக்கர் (நீரோட்டம் உண்டாக்கும் பம்ப்). சூட்டுக்கு, ஒன்றரை லீற்றர் போத்தலில் தண்ணீர் உறைய வைத்து மூடியபடி சம்பில் மிதக்க விடுங்கள். ஒரு போத்தல் முழுதும் உருகினால் 150 லீற்றரை ஏறத்தாழ ஒரு பாகை இறக்கும். ஒரே நேரத்தில் மூன்றைப் போடாதீர்கள்.

நுளம்புக்குப் புகை அடிக்க வந்தால் யன்னலைச் சாத்தி, தொட்டியை ஈரத்துணியால் மூடி, எயார் பம்பையும் ஸ்கிம்மரையும் நிறுத்துங்கள். அந்தப் புகையில் உள்ள பைரித்ரோயிட்டு இறாலையும் நண்டையும் முதலில் கொல்லும். எயார் பம்ப் உள்ள அறையில் நுளம்புத் திரியும் கொளுத்த வேண்டாம்.

ஏதோ சரியில்லை என்றால்

முதலில் வெளிறலையும் தோல் உரிதலையும் பிரித்தறியுங்கள். இரவில் விளக்கணைந்து ஒரு மணித்தியாலத்துக்குப் பின் டோர்ச் அடித்துப் பாருங்கள். வெள்ளையாக இருந்தாலும் சிறு வாய்கள் நீட்டிக்கொண்டிருந்தால் தசை உயிரோடு இருக்கிறது: சூடு அல்லது வெளிச்சம் கூடியிருக்கிறது, வெளிச்சத்தை 20, 30 சதவீதம் குறைத்துப் பொறுங்கள். வெறும் எலும்பு மட்டும் மின்னினால் அந்த இடம் போய்விட்டது.

அடியிலிருந்து மெல்ல மெல்ல வெள்ளை ஏறினால் கொப்பியில் கடந்த இரண்டு வாரக் காரத்தன்மையைப் பாருங்கள். அது ஆடவில்லையென்றால் அடிப்பக்கத்தில் நீரோட்டமும் வெளிச்சமும் படுகிறதா என்று பாருங்கள். நுனி மட்டும் எரிந்தது போலிருந்தால் பெரும்பாலும் காரத்தன்மை 9, 10 க்கு மேல், சத்து பூச்சியத்தில். முழுக்க மண்நிறமானால் சத்துக் கூடியது அல்லது வெளிச்சம் போதாது. அது சாகாது, அவசரமில்லை. யூஃபிலியாவின் ஒரு தலையில் மண்நிறக் கூழ் கண்டால் மட்டும் ஓடுங்கள்: பம்புகளை நிறுத்தி, கூழைக் குழாயால் உறிஞ்சி வெளியே எடுத்து, அந்தத் தலையை வெட்டிப் பிரித்து, மிச்சத்தை டிப் செய்யுங்கள். பரவினால் பக்கத்துத் தலைகளும் இரண்டு நாளில் போகும்.

அக்ரபோராவில் சில மணித்தியாலத்தில் தோல் தாள் தாளாக உரிந்து பறந்தால் காரணம் தேடுவது பிறகு. உயிருள்ள தசைக்குள் ஒரு சென்ரிமீற்றர் தள்ளி வெட்டி, நல்ல நுனிகளைத் தனித்தனிக் கட்டைகளில் ஒட்டி, கொஞ்சம் நிழலான, நீரோட்டமுள்ள இடத்தில் வையுங்கள். வெட்டிய விளிம்பில் பசைக்கு மேலால் மெல்லிய தசை படரத் தொடங்கினால், அந்த நுனி பிழைத்திருக்கிறது. அதன் பின் உப்பு, சூடு, காரத்தன்மை என்ற வரிசையில் அளந்து, மூன்றும் சரியாக இருந்தால் அடிக்கட்டையில் செம்பு நிற முட்டைக் கொத்து இருக்கிறதா என்று உருப்பெருக்கியால் பாருங்கள்.